ஃப்ளெக்ஸில் ஏறிய பாஸ்வேர்டு

என் முகத்தை நானே பத்து நிமிடம் நின்று ரசித்ததால் வந்த வினை இது. முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் மறைத்தாலும் என் அக்கா மல்லிகா உங்களை எங்கேயாவது பிடித்துச் சொல்லிவிடுவாள். அவள் வாயில் அந்தப் பத்து நிமிடம் அரை மணி நேரமாகிவிடும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வடசென்னையில் எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க்காக இருந்தேன். உள்ளே வரும் ஒவ்வொரு டிரெய்லரின் நம்பரையும், அதன் மேலிருக்கும் கன்டெய்னரின் நம்பரையும், சீல் நம்பரையும் சரிபார்த்துக் குறிக்க வேண்டும். தகரக் கூரை போட்ட கேபின். சாயங்காலம் முகம் கழுவினால் வாஷ்பேசினில் பாதி நெடுஞ்சாலை கரைந்து ஓடும். டிரெய்லர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை வால் மாதிரி நிற்கும். "நான்தான் முன்னாடி வந்தேன்", "இல்ல, நான்தான்" என்று டிரைவர்கள் என் ஜன்னலில் வந்து சண்டை போடுவார்கள். நானும் சளைக்காமல் பதிலுக்குக் கத்துவேன். (எனக்குக் கோபம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) அந்தப் புழுதியில் எனக்கு ஒரு வறட்டு இருமல் வேறு ஒட்டிக்கொண்டது.

இப்படி இருக்கையில்தான் எங்கள் பெரிய மேனேஜர் ஒரு மீட்டிங்கில், மாடியில் புதிய யோசனைகளுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கப்போவதாகச் சொன்னார். ஏசி ரூம். ஒரே ஒரு நாற்காலி காலி. புதிதாக யோசிக்கிற ஆள் வேண்டும் என்றார். நான் எழுந்து நின்று, நாங்கள் சில பேர் சேர்ந்து புதிய சிந்தனைகளுக்காகவே ஒரு வலைப்பூ தொடங்கப்போகிறோம் சார் என்றேன். முழுப் பொய்யில்லை. அன்று காலை ஷேர் ஆட்டோவில் வரும்போது அப்படி ஒன்று மனதில் ஓடியது உண்மைதான். அவர் ஆச்சரியப்பட்டு, தொடக்க விழாவுக்குத் தானே வருவதாகச் சொன்னார். வலைப்பூ நன்றாக இருந்தால் அந்த நாற்காலிக்கு என் பெயரை யோசிப்பதாகவும் சொன்னார். எனக்கு அப்போதே ஏசிக் காற்று கழுத்தில் பட்டது.

இனி 'நாங்கள் சில பேரை'த் தயார் செய்ய வேண்டுமே. பில்லிங்கில் இருந்த யாஸ்மினையும், எடைமேடையில் இருந்த குமரேசனையும் பிடித்தேன். யாஸ்மின் வண்ணாரப்பேட்டைப் பெண், வீட்டில் துணிக்கடை. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். குமரேசன் எதையும் ஒரு முறைகூடப் பார்க்க மாட்டான். வலைப்பூவுக்குப் 'புதுமைச் சுடர்' என்று நான் பெயர் வைத்தேன். மூன்று பேரும் எழுத வேண்டும், யாரும் பெரிய ஆள் சின்ன ஆள் இல்லை, அதனால் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று சட்டமும் போட்டேன்.

யாஸ்மின், புடவைக் கடையில் நூறு புடவையைப் பிரித்துக் காட்டுகிறவர்கள் சட்டையை மட்டும் ஏன் அட்டையோடு நீட்டுகிறார்கள் என்று எழுதினாள். அழகான கட்டுரை. நான் எழுதியதன் தலைப்பு, 'சிந்தனையின் புதிய பரிமாணங்கள்: ஓர் அறிமுகம்'. போன மாதம் எடுத்துப் படித்தேன். 'பரிமாணம்' என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. சிந்தனை ஓரிடத்திலும் இல்லை.

எங்கள் பக்கம் ஃப்ளெக்ஸ் இல்லாமல் எந்த நல்லதும் கெட்டதும் நடக்காது. காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், காலமானாலும் ஃப்ளெக்ஸ். வலைப்பூவுக்கு மட்டும் என்ன குறைச்சல்? திருவொற்றியூரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தாஸ் அண்ணனிடம் போனேன். அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸில் தாய்மாமன் ஒருவரின் பெயரை விட்டுவிட்டார். கடை ஷட்டரை இரண்டு நாள் திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து வாட்ஸப்பில் வருவதை ஒரு எழுத்து விடாமல் அடிப்பது என்று சபதம் எடுத்திருந்தார். "நீ இன்னா அனுப்புறியோ அது அப்டியே வரும்மா," என்றார். எனக்கு அது பாராட்டத்தக்க கொள்கையாகப் பட்டது.

அவசரத்தில், எங்கள் மூவர் குரூப்பில் விழா பற்றி நான் போட்டிருந்த செய்தியை அவருக்கு அப்படியே தள்ளிவிட்டேன். போட்டோக்களையும் அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் ஃப்ளெக்ஸ் ஏறியது. குமரேசனின் சித்தப்பா நடத்தும் டியூஷன் சென்டரின் மாடியில்தான் விழா. அதன் சுவரில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே, பத்தடி அகலம். போய்ப் பார்த்தேன். நடுவில் நான், கைகூப்பியபடி. தாஸ் அண்ணன் என்னைப் பால் மாதிரி வெளுப்பாக்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் வைத்திருந்தார். பத்து நிமிடம் நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அதன் முன் நின்று ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போனேன். குமரேசனும் போய்ப் பார்த்திருக்கிறான். அவன் பார்த்தது அவன் முகத்தை. யாஸ்மினைக் கூப்பிட்டுக் காட்ட இருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணி. மாடியில் முப்பது பேர். கடைசி வரிசையில் மல்லிகா அக்கா. அவள் மீன் விற்கிறவள். விடிகாலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் எர்ணாவூருக்கு வருவாள். எங்கள் யார்டு டிரெய்லர் வரிசையில் ஆட்டோ மாட்டிக்கொள்ளும், ஐஸ் உருகும். அந்த வரிசையை என்னவோ நான்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது போல தினமும் என்னைத் திட்டுவாள். இருந்தாலும் தங்கச்சி விழா என்று பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள்.

பெரிய மேனேஜர் வந்தார். நான் ஏழு நிமிடம் பேசினேன். புரொஜக்டரை ஓடவிட்டோம். கை தட்டலுக்கு நடுவே அவர் வலைப்பூவைத் திறந்தார்.

நாங்கள் போட்டது மூன்று கட்டுரை. சுவரில் நாற்பதுக்கும் மேல் வந்து நின்றது.

முதலில், 'வீடு வாடகைக்கு, மாடி போர்ஷன், தண்ணீர் கஷ்டம் கிடையாது'. அடுத்தது, அதே டியூஷன் சென்டரில் படிக்கும் யாரோ ஒரு பெண்ணுக்கு யாரோ எழுதிய கவிதை. அதற்குக் கீழே, முனை டீக்கடைக்காரர் எழுதியது: கிளாஸை எடுத்துப்போய்த் திருப்பித் தராதவர்கள் பட்டியல். அதில் குமரேசன் பெயர் இரண்டு முறை இருந்தது. என் கட்டுரையையும் விட்டுவைக்கவில்லை. 'சிந்தனையின் புதிய பரோட்டாக்கள்' என்று மாற்றியிருந்தார்கள். பதினோரு இடத்திலும் பொறுமையாக மாற்றியிருந்தார்கள்.

யாஸ்மின் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். மூச்சு வாங்க மேலே வந்து என் காதில் சொன்னாள்.

"பரிமளா, பாஸ்வேர்டு ஃப்ளெக்ஸ்ல கீதுடி. அதுக்குக் கீழ, 'இதை யாருக்கும் சொல்லாதீங்க'ன்னு செவப்பு எழுத்துல போட்டுக்கீது."

நான் குரூப்பில் போட்ட செய்தியின் கடைசி வரி அது. தாஸ் அண்ணன் சொன்ன சொல் தவறாதவர்.

ஏசி ரூம் என் கண் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டது. புரொஜக்டர் பிளக்கைப் பிடுங்க ஓடினேன். அதற்குள் பெரிய மேனேஜர், "இருங்கம்மா," என்று கையைக் காட்டிவிட்டு எதையோ உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்க வாய்விட்டே படித்தார். போனில் பேசிப் பதிந்தது போலிருக்கிறது, புள்ளி கமா எதுவும் இல்லை. தலைப்பு, 'கேட்ல நிக்கிற என் தங்கச்சிக்காக'.

"தண்ணி லாரிக்கு நாங்க இன்னா நாள் முச்சூடும் தெருவுலயா நிக்கிறோம் கொடத்த வரிசையா வச்சுட்டு வூட்டுக்குப் போயி சோறாக்குறோம் கொடம் நிக்கிது எங்க எடத்த எவனும் மாத்த முடியாது நீ ஏன்யா லாரிய ரோட்டுல நிக்க வைக்கிற அத்த யார்டுக்குப் பின்னால காலி கிரவுண்டுல போடச் சொல்லு கேட்டுல லாரிக்கு ஒரு கொடம் வை என் ஐஸும் உருகாது என் தங்கச்சி நாள் பூரா தூசி துன்னுகினு கீறா ராத்திரி எல்லாம் இருமுறா அவளுக்கு ஒன்னுன்னா நீயா பாப்ப"

நான் இருமுவது அவளுக்குக் கேட்கிறது என்பதே எனக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் திட்டுகிறவள் அவள்.

இதை எழுதியது யார் என்று பெரிய மேனேஜர் கேட்டார். அக்கா கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நான்தான் சார். இன்னா, தப்பா?"

தப்பில்லை என்றார். குடத்துக்குப் பதில் காகிதத்தில் டோக்கன் கொடுத்தால் போதாதா என்று கேட்டார்.

"பேப்பரு பாக்கெட்டுக்குள்ள பூந்துக்கும் சார். எவன் முன்னாடி வந்தான்னு யாருக்குத் தெரியும்? கொடம்னா ஊரே பாக்குது."

பெரிய மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். விழா முடிந்து காரில் ஏறும் வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன். குடம் யோசனையைச் செய்து பார்க்கப்போவதாகச் சொன்னார். டிரைவர்கள் எல்லோரையும் தெரிந்து, அவர்களோடு சரிக்குச் சரி கத்தவும் தெரிந்த ஆள் நான் ஒருத்திதானாம். ஆகவே குடங்களுக்குப் பொறுப்பு நான். மாடி நாற்காலி யாஸ்மினுக்கு. புடவைக் கட்டுரையை யாரும் திருத்தவில்லை. அதில் திருத்த ஒன்றும் இல்லை என்றார். என்னுடையதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் பேஜாராக இருந்தது.

பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வந்து இறங்கின. டிரைவர் வண்டியைக் கிரவுண்டில் போட்டுவிட்டு வந்து, குடத்தில் சாக்பீஸால் வண்டி நம்பரை எழுதி வரிசையின் கடைசியில் வைப்பார். போய் மரத்தடியில் படுத்துக்கொள்வார். முறை வந்தால் போனில் கூப்பிடுவேன். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம், தன் குடத்தை யாரும் நகர்த்தவில்லையே என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரோடு காலியானது. சண்டை குறைந்தது. என் இருமலும் எப்போது நின்றது என்று தெரியாமலே நின்றுபோனது. இன்றைக்கு கேட் முழுவதும் என் பொறுப்பு. கேபினில் ஏசியும் இருக்கிறது. டிரைவர்கள் என்னைக் 'கொடத்தம்மா' என்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

புதுமைச் சுடரும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று யாஸ்மின் ஒரு முறை சொன்னாள். மாற்றினால் எழுத நாங்கள் மூன்று பேர்தானே மிஞ்சுவோம் என்று விட்டுவிட்டோம்.

என் கல்யாணம் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ரிசப்ஷனில் மேடையேறி போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை வாசல் வரை நின்றது. அக்காவுக்குப் பந்தியைப் பார்க்கிற வேலை, நிற்க நேரமில்லை. எங்கிருந்தோ ஒரு பச்சைக் குடத்தைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். வரிசை நகர நகர, பின்னால் நின்றவர்கள் அதையும் ஒவ்வொரு அடியாக நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். போட்டோக்காரர் எதையும் விடாமல் எடுக்கிறவர். ஆல்பத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால் அந்தக் குடம் கொஞ்சம் கொஞ்சமாக மேடையை நெருங்கி வருவது தெரியும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, இது யார் வைத்த சீர் என்று கேட்பார்கள். அது சீர் இல்லை, எங்க அக்கா நின்ற இடம் என்று சொல்வேன்.