பத்து முதல் பன்னிரண்டு வரை

மனிதர்களில் இரண்டு முனைக்காரர் என்று ஒரு வகை உண்டு. எந்த விஷயத்தைக் கொடுத்தாலும் அதன் சின்ன முனையை ஒரு கையாலும் பெரிய முனையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ளதெல்லாம் தன் பிடியில் இருப்பதாக நம்புகிறவர். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அநேகமாக மேலாளர்.

"குறைஞ்சது எவ்வளவு, கூடினது எவ்வளவு, அதை மட்டும் சொல்லுங்க" என்பார். நடந்ததைச் சொல்ல நீங்கள் வாயெடுத்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நல்லதை நல்லதோடு பெருக்குவார், மோசத்தை மோசத்தோடு பெருக்குவார். குறுக்கே பெருக்கிப் பார்த்ததே இல்லை. "பொண்ணும் நல்லவ, பையனும் நல்லவன்" என்று தங்கை மகளுக்குக் கல்யாணம் முடித்துவைத்தார். நல்லவர்கள் இருவரும் இப்போது தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்தவர் குடிநீர் அலுவலகத்தில் பதவி உயர்வுத் தேர்வு நடத்துகிறவர். கேள்வியும் அவரே, திருத்துவதும் அவரே. ஒரு முறை அவர் கேட்டது இது: ஒரு குழாய், நடுவில் வால்வு. வலப்பக்கம் போகப் போகக் குழாய் மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் வரை ஏறலாம், அல்லது இரண்டு வரை இறங்கலாம். அளக்கும் இடம் வால்வுக்கு வலப்பக்கம் நாலு மீட்டருக்குள் இருக்கலாம், இடப்பக்கம் ஐந்துக்குள் இருக்கலாம். இறக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் கழித்தல் குறி. சரிவையும் தூரத்தையும் பெருக்கினால் வால்வுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். அது எதிலிருந்து எதுவரை இருக்கும்?

அவர் பெருக்கினார். சின்னதும் சின்னதும், கழித்தல் இரண்டு, கழித்தல் ஐந்து: பத்து. பெரியதும் பெரியதும், மூன்று, நாலு: பன்னிரண்டு. விடை, பத்து முதல் பன்னிரண்டு வரை. கீழே இரண்டு கோடு.

வரைபடப் பிரிவில் இருந்த ஒருத்தி, கழித்தல் பதினைந்து முதல் பன்னிரண்டு வரை என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் நாலு பெருக்கல் போட்டிருந்தாள். இரண்டு மதிப்பெண் போயிற்று. தேறுவதற்குக் குறைந்ததும் அதே இரண்டுதான். வயது வரம்பின்படி அவளுக்கு அது கடைசித் தேர்வு. தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"சார், நான் வால்வு மேலயே நிக்கிறேன்னு வெச்சுக்குங்க. தூரம் பூஜ்யம். உயர வித்தியாசமும் பூஜ்யந்தானே? உங்க விடை பத்துக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. வால்வு வால்வை விடப் பத்து மில்லிமீட்டர் உசரமா இருக்குமா?"

"வால்வு மேல உங்களை யாரும்மா நிக்கச் சொன்னா?"

"சரி, இறங்கிட்டேன். வலப்பக்கமா மூணு மூணா ஏறுற குழாய்ல, இடப்பக்கம் அஞ்சு மீட்டர் போறேன். பதினஞ்சு கீழ போயிடுறேனே."

"பெரிய சரிவை எதுக்குச் சின்ன தூரத்தோட சேக்குறீங்க? அது அது அதோட இனத்தோட சேரணும்."

"குழாய்க்கு அது தெரியாதே சார்."

அவர் கோபப்படவில்லை. இந்த வகை கோபப்படாது, குழு அமைக்கும். மூன்று பேர் குழு, தலைவர் அவரே. இரண்டாமவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "பத்துலேர்ந்து பன்னண்டு. பாக்கவே அடக்கமா இருக்கு" என்றார். மூன்றாமவர் கணக்குத் தெரிந்தவர். "அண்ணன் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று, போட்டுப் பார்க்காமலே கையெழுத்திட்டார். மூன்று கழித்தல்களைப் பெருக்கினால் கழித்தல்தான் வரும் என்பது மட்டும் அந்த அறையில் நிரூபணமாயிற்று.

அதே தேர்வில் பத்து முதல் பன்னிரண்டு என்று எழுதித் தேறிய ஒருவர் இப்போது அவளுக்கு மேலதிகாரி. சரிவுக் கணக்கு வந்தால் அவளிடம்தான் சரிபார்க்கக் கொடுக்கிறார்.

இவ்வளவு நேரம் நீங்கள் அவள் பக்கம் இருந்தீர்கள். அவரைப் பார்த்துச் சிரித்துக்கூட இருப்பீர்கள். நல்லது. அவள் ஓரத்தில் போட்ட நாலு பெருக்கலில் மூன்று இந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. நாலாவதை நான் சொல்லவில்லை. அது கழித்தல் பதினைந்துக்கும் கீழே போய்விடவில்லை என்று நீங்கள் போட்டுப் பார்த்தீர்களா? இல்லை, பாவம் அந்தப் பெண், சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் குழுவின் மூன்றாமவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். நாற்காலி காலியாகிறது.