ராஜா மீசை துல்லியமாகத் தெரிந்த கதை

ஒரு காட்டில், டவர் வைக்கிற அளவுக்கு முன்னேறிவிட்ட ஒரு காட்டில், ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. பழைய கதைகளில் வருகிற சிங்கங்களுக்குப் பசி மட்டும்தான் இருக்கும். இந்தச் சிங்கத்துக்கு விளம்பர ஆசையும் சேர்ந்திருந்தது. குன்றின் உச்சியில் டவர் கட்டி, தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் டி.வி.யில் தோன்றி, "நாளை காலை கிழக்குச் சரிவில் வேட்டையாடுகிறோம். மாலை ஓடைக்கரையில் இளைப்பாறுகிறோம்" என்று தன் மறுநாள் நிகழ்ச்சிகளைத் தானே வாசிக்கும். கேட்ட பிராணிகள் மறுநாள் கிழக்குச் சரிவுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டா. சிங்கம் போய்ப் பார்த்தால் புல் மட்டும் நிற்கும். விலா எலும்பு தெரிய இளைத்த பிறகும் அது வாசிப்பதை நிறுத்தவில்லை. திரையில் முகம் தெரியாவிட்டால் தன்னை ராஜா என்று யார் மதிப்பார்கள் என்ற கவலை அதற்கு.

அந்தக் காட்டின் தென்மூலையில் ஒரு பள்ளம். அங்கே மருதாயி என்ற சருகுமான், புருஷன் சுடலையோடும் பால்குடி மறக்காத குட்டியோடும் வாழ்ந்தாள். சருகுமான் என்பது பேருக்குத்தான் மான். உருவத்தில் முயலைவிடக் கொஞ்சம் பெரிது. கொம்பும் கிடையாது, ஓட்டத்திலும் பெரிய பேர் கிடையாது. குட்டியைக் கூட்டிக்கொண்டு நாளை எங்கே மேயலாம், எங்கே மேயக்கூடாது என்பது அவளுக்கு உயிர் விஷயம். அதை ராஜாவே தன் வாயால் சொல்லிவிடுவதால், அந்த ஒரு செய்திக்காகவே அவள் தினமும் டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

பள்ளத்தில் இருந்தது ஒரே ஒரு பெட்டி, வனத்துறை பங்களாவில் வேண்டாமென்று தூக்கியெறிந்தது. ஆன்டெனா கிடையாது. அதனால் ஒயரை எடுத்துக் கொம்பையா என்கிற பெரிய கடமானின் கொம்பில் சுற்றிவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் அவர் வந்து நிற்பார். சுடலை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கத்துவான்.

"லேசா இடப்பக்கம் மாமா... இன்னும் கொஞ்சம்... ஐயோ, போச்சு! பழையபடி வாங்க... ஆங், அப்படியே நில்லுங்க! மூச்சு விடாதீங்க!"

டவர் இருந்த பக்கம் கொம்பைக் காட்டினால் கொம்பையாவின் முகம் பெட்டிக்கு எதிர்ப்புறம், புதரைப் பார்த்துத் திரும்பிவிடும். பள்ளமே ராஜாவைப் பார்க்கும்போது அவர் ஒருவர் மட்டும் புதரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "என்னமோ அசையுதுப்பா" என்று எப்போதாவது சொல்வார். எல்லோரும் சிதறி ஓடுவார்கள். பாதி நாள் அது வெறும் காற்றாக இருக்கும், அன்றைக்கு அவருக்கு ஏச்சு விழும்.

படமா? புள்ளி புள்ளியாய்ப் பொரியும். தெரிவது ராஜாவா வைக்கோல்போரா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. கண்ணுக்கு வேலை இல்லாததால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். கொம்பு உதிர்கிற மாதங்களில் ஒயரைக் கொம்பையாவின் காதில் கட்டுவார்கள். அப்போது கரகரப்பு மட்டும்தான் வரும். அந்தக் கரகரப்பிலும் "கிழக்குச் சரிவு" என்பது விழுந்துவிடும். மருதாயி மறுநாள் மேற்கே போய்விடுவாள்.

இப்படி எல்லோரும் பிழைத்துக் கிடந்தது சிலருக்குப் பொறுக்கவில்லை. ஒளிபரப்பு நவீனமாக்கல் குழு என்று ஒன்று அமைந்தது. தலைவர் பிணந்தின்னிக் கழுகு. உறுப்பினர் கழுதைப்புலி. செயலாளர் நரி, கேமராவும் அதன் கையில்தான். குழுவுக்குக் காட்டில் நல்ல மரியாதை. வேட்டை அவர்கள் தொழில் இல்லை, அதனால் நடுநிலையாளர்கள் என்று பெயர். கொன்றவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தை வழித்துத் தின்பதுதான் அவர்கள் பிழைப்பு. ராஜா இளைத்ததில் ராஜாவைவிட அதிகமாக இளைத்தவர்கள் இவர்கள்தான்.

குழு முதல் வேலையாகச் சுற்றுப்பயணம் போனது. மலைக்கு அந்தப் பக்கத்துக் காடு ஒளிபரப்புக்கு ஒரு தரநிலை வைத்திருந்தது, கடலுக்கு அந்தப் பக்கத்துக் காடு வேறொன்று வைத்திருந்தது. நம் காட்டின் மழைக்கும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எது ஒத்துவரும் என்று குழு ஊண் உறக்கம் பாராமல் ஆராய்ந்தது. சரி, உறக்கம் மட்டும் பாராமல். எந்தக் காட்டு விருந்தில் எலும்போடு சதையும் இருந்ததோ அந்தக் காட்டுத் தரநிலையே சிறந்தது என்று ஒருமனதாக முடிவானது.

கழுகு பள்ளத்துக்கே வந்து, பாறைமேல் உட்கார்ந்து விளக்கம் சொன்னது.

"பழைய அனலாக் முறையில என்ன ஆகுது? சிக்னல் குறைஞ்சா படம் மங்குது, ஆனாலும் வந்துகிட்டே இருக்குது. பார்க்கவே அசிங்கம். டிஜிட்டல்ல அந்தப் பேச்சே கிடையாது. வந்தா முழுசா வரும். வரலைன்னா ஒண்ணுமே வராது."

கழுதைப்புலி சிரித்தது. அது எதற்கும் சிரிக்கும். குழுவில் அதன் பொறுப்பே அதுதான்.

"ராசா நாளைக்கு எங்க வேட்டைக்குப் போறாருன்னு தெரியுமாய்யா?" என்று மருதாயி கேட்டாள்.

"தெரியுமாவா? மீசை முடி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும்மா."

"மீசை வேண்டாம்யா. போற எடம்?"

"மீசையே தெரியறப்ப எடம் தெரியாமப் போகுமா?"

கூட்டம் குளம்பைத் தட்டி ஆரவாரம் செய்தது. சுடலை எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். புதுசு என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்குக் காது விறைத்துக்கொள்ளும். பெண்டாட்டி கேட்ட கேள்வி அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சின்ன விஷயம் ஒண்ணு," என்று கழுகு றெக்கையை மடக்கிக்கொண்டே சொன்னது. "படத்தைத் துண்டு துண்டாக்கி அனுப்புவோம். பெட்டி அதைக் கோத்து எடுக்கணும். அதனால நடக்கிறதுக்கும் தெரியறதுக்கும் நடுவுல ரெண்டு மூச்சு நேரம் பிடிக்கும். அதுல யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை."

கொம்பையா மட்டும் ஒயரோடு நின்றபடி கேட்டார். "அப்ப இனிமே நான் நிக்க வேண்டாமாய்யா?"

"வேண்டாம். நீங்களும் எல்லாரையும் போல உட்கார்ந்து பார்க்கலாம்."

கடமானுக்குக் கண் கலங்கிவிட்டது. "ராசா மூஞ்சியை ஒரு தடவையாவது பார்த்துரணும் தாயி," என்று அன்று முழுக்க மருதாயியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளத்தில் இருந்தவர்கள் தங்கள் இனிப்புப் புல் மேட்டைக் குழுவுக்குக் கொடுத்து செட்டாப் பாக்ஸ் வாங்கினார்கள். குழுவில் புல் தின்பவர் ஒருவரும் இல்லை. புல் தின்னாதவர்களுக்குப் புல்மேடு எதற்கு என்று கேட்பதற்குப் பள்ளத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அறிவித்த நாளில் பழைய ஒளிபரப்பு நின்றது. கொம்பையாவின் கொம்பிலிருந்து ஒயரைக் கழற்றினார்கள். பெட்டியைப் போட்டால், திரை முழுக்க நீலம். நடுவில் "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி.

"நீலத்தைப் பார்த்தியா, எவ்வளவு தெளிவா இருக்கு!" என்றான் சுடலை.

டவர்ப் பக்கத்து மேடுகளில் இருந்தவர்களுக்கு ராஜா தெரிந்தார். பள்ளத்துக்கு நீலம்தான் தெரிந்தது. ஓடைக்கரைக்குப் போன காட்டுப்பன்றி ஒன்று திரும்பவில்லை. கிழக்குச் சரிவுக்குப் போன முயல் குடும்பத்தில் ஒருவரும் திரும்பவில்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மருதாயி வளையைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தினாள். மேயாததால் பால் வற்றியது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, முட்டவும் தெம்பில்லாமல் சுருண்டு படுத்தது. அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. டவருக்குப் போய்ப் புகார் வரிசையில் நின்றாள்.

"உங்க பெட்டி முதல் தரநிலை. இப்ப ஓடுறது ரெண்டாம் தரநிலை," என்றது நரி.

"போன வாரம்தானேய்யா வாங்கினோம்?"

"போன வாரம் முதல் தரநிலை இருந்துச்சு."

"எனக்குப் படமே வேண்டாம்யா. குட்டி பாலுக்கு அழுவுது, மேயப் போகப் பயமா இருக்கு. ராசா எங்க போறாருன்னு உங்களுக்குத்தான் தெரியுமே, வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்."

நரி உண்மையாகவே வருத்தப்பட்டது. "வாயால சொல்றதுக்குத் தரநிலை எதுவும் இல்லையேம்மா."

ஆனாலும் குழு கைவிடவில்லை. பள்ளத்து மக்கள் குறைதீர, இனிப்புப் புல் மேட்டில் பெரிய திரை கட்டி இரண்டாம் தரநிலையை இலவசமாகக் காட்டப்போவதாக அறிவித்தது. புல்லும் தின்னலாம், சேதியும் கேட்கலாம் என்று மருதாயி குட்டியோடு கிளம்பினாள். சுடலை முன்னதாகவே போய் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டான். கொம்பையாவும் முன்னால்தான் போய் உட்கார்ந்தார். "கொம்பு மறைக்குது, பின்னால போங்க!" என்று நாலாபக்கமும் கத்தவே, எழுந்து கடைசி வரிசைக்கு வந்து மருதாயி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர்களுக்குப் பின்னால் ஆளுயரப் புல் நின்றது.

கழுகு மேடையேறியது. "ராஜா எங்கே போவார் என்று முந்தின நாளே சொல்லிக்கொண்டிருந்தது பழைய பழக்கம். இன்றுமுதல் அது கிடையாது. இனி எல்லாம் நேரலை! ராஜா ஓர் இடத்தில் இருக்கும்போதே அந்த இடத்தை நீங்கள் பார்ப்பீர்கள்!"

"அப்ப மேயப் போறதுக்கு முன்னாடி எப்படிய்யா தெரியும்?" என்று கேட்க மருதாயி வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் எல்லோரும் குளம்பு தட்டத் தொடங்கிவிட்டார்கள், திரையும் வெளிச்சமாகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும், படம் பிரமாதம். பிடரி தெரிந்தது, மீசை தெரிந்தது, மீசை நுனியில் ஒட்டியிருந்த புல்விதைகூடத் தெரிந்தது. கொம்பையா வாயைத் திறந்தபடி பார்த்தார். "மீசை தெரியுது தாயி! எம்புட்டு அழகா இருக்காரு!" என்றார்.

கேமரா மெல்ல நகர்ந்து ராஜாவின் முதுகுப் பக்கம் போனது. இப்போது திரையில் ராஜாவின் பிடரி, அதற்கு முன்னால் உயரமான புல், புல்லுக்கு அப்பால் வரிசை வரிசையாக யாரோ உட்கார்ந்திருக்கும் முதுகுகள்.

"அடேயப்பா, முதுகு முடிகூடத் தெரியுதே!" என்று முன்வரிசையில் வியந்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு பெரிய கொம்பு. அதன் பக்கத்தில், இடது காது கிழிந்த ஒரு சின்ன உருவம். பாவம், நம்மைப் போலவே யாரோ முள்ளில் மாட்டிக் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மருதாயி நினைத்தாள். நினைத்தபடியே தன் காதை ஒரு தரம் அசைத்தாள். இரண்டு மூச்சு கழித்து, திரையில் அந்தக் காது அசைந்தது.

"அண்ணே, எந்திரிங்க! அது நாமதான்!"

"இரு தாயி."

"திரும்பிப் பாருங்கண்ணே! பின்னால நிக்குது!"

"பின்னால என்ன இருக்கப்போவுது, புதர்தான," என்றார் கொம்பையா. திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எத்தனையோ வருசமா புதரையே பார்த்துட்டு நின்னேன். இப்பத்தான் படம் பாக்குறேன். கொஞ்சம் பாத்துக்கிறேனே."

மருதாயி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பக்கத்து முள்ளுக்குள் பாய்ந்தாள். பாயும்போதே பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ராஜாவின் பாதத்துக்குக் கீழே கொம்பையாவின் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. திரையில் கொம்பையா இன்னும் முழுசாக, கொம்பு குலையாமல், படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பின்னால யாருய்யா சத்தம் போடுறது?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் அதட்டினான். அது சுடலையின் குரல்.

பிறகுதான் திரையில் ராஜா பாய்ந்தார். பாய்ந்த பாய்ச்சலில் படம் சதுரம் சதுரமாக உடைந்து, அந்தரத்தில் அப்படியே உறைந்தது. கூட்டம் ஐயோ என்று அலறியது. கடைசி மூன்று வரிசையில் மருதாயியையும் குட்டியையும் தவிர எவரும் மிஞ்சவில்லை.

மறுநாள் டவரின் முன்னால் புகார் வரிசை குன்றின் அடிவாரம்வரை நீண்டது. அதைப் பார்த்ததும் மருதாயிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போதாவது இவர்களுக்கு உறைத்ததே, கொம்பையாவுக்காகக் கேட்க வந்திருக்கிறார்களே என்று அவளும் போய்ச் சேர்ந்துகொண்டாள். வரிசையின் தலைமாட்டில் சுடலை நின்று, கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"முக்கியமான நேரத்துல படம் சதுரம் சதுரமா உடைஞ்சுபோச்சு! இதுக்காய்யா மேட்டையே கொடுத்தோம்?"

"கேளுங்க, கேளுங்க!" என்று வரிசை முழங்கியது.

வயிறு முட்டத் தின்றதில் கழுகால் எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே ஏப்பம் விட்டு, மன்னிப்புக் கேட்டது. மூன்றாம் தரநிலையில் படம் உடையவே உடையாது, கடைசிவரை பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்தது. வரிசை குளம்பு தட்டியது.

"அந்தப் படத்தை எங்க நின்னுய்யா எடுத்தீங்க?" என்று மருதாயி கேட்டாள்.

கழுதைப்புலி அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தியது. சுடலை அவசரமாக முன்னால் வந்தான். "தொழில்நுட்பம் தெரியாதவ. மனசுல வச்சுக்காதீங்கய்யா," என்று கும்பிட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனான்.

அன்றுமுதல் மருதாயி திரைக்கு முதுகைக் காட்டி, புதரைப் பார்த்துத்தான் உட்காருகிறாள். கொம்பையா சொன்னது போல, "என்னமோ அசையுது" என்று அவ்வப்போது சொல்லவும் செய்கிறாள். ஓடுவது அவளும் குட்டியும் மட்டும்தான். படம் பார்க்க வந்த இடத்தில் தொந்தரவு தருகிறாள் என்று அவள்மேல் பள்ளமே சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறது. ராஜா இப்போது நன்றாகப் பருத்துவிட்டார். திரை நிறையத் தெரிகிறார், முன்னைவிட இப்போதுதான் களையாக இருக்கிறார் என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறார்கள்.

நீதி: திரையில் உங்கள் முதுகு தெரிந்தால் அதன் துல்லியத்தை வாயாரப் பாராட்டுங்கள். படம் எடுப்பவன் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்தால், பின்வரிசையில் உள்ளவர்களுக்கு மறைக்கும்.