மல்லிகா எழுத்தில் ஒரு ‘காணவில்லை’

ஜவ்வாது மலையில் பிரஷ் மாஸ்டருடைய எழுத்தில் மாட்டாமல் யாரும் பிறந்துவிட முடியாது. செத்துப்போவது அதைவிடக் கஷ்டம். ஜமுனாமரத்தூரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான்கு வருஷம் அந்த ஊரில் வாத்தியாராக இருந்தேன். அவருடைய நிஜப்பெயர் கடைசிவரை தெரியவில்லை.

கம்ப்யூட்டரில் எத்தனை எழுத்துரு இருந்தாலும் மாஸ்டர் தொடுவது ஒன்றைத்தான். பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, ஸ்கேன் செய்து, அவரே உருவாக்கியது. அதற்கு மனைவி பெயரை வைத்திருந்தார்: மல்லிகா. தொடங்கும் இடத்தில் தடித்து, முடியும் இடத்தில் பிரஷ் காய்ந்து கோடுகோடாக இழுத்துக்கொண்டு போகும். ‘ழ’வின் வால் கீழ்வரியில் யார் தலையிலாவது இடிக்கும். மொத்தத்தில் அடிதடிப் படத்தின் டைட்டில்தான்.

கல்யாணம், காதுகுத்து, சாமைப் பொட்டலம், தேன் பாட்டில், ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ எல்லாவற்றுக்கும் மல்லிகாதான். “வேற எழுத்தத் தொட்டா வூட்டுல சோறு கெடைக்காது சார்” என்பார். ஒருமுறை கண்ணீர் அஞ்சலி பேனரையும் அதிலேயே அடித்துவிட்டார். இறந்தவரின் மகன் சண்டைக்கு வந்துவிட்டார்.

“இன்னா மாஸ்டர், எங்கப்பா செத்துட்டாரா, ரிலீஸ் ஆவறாரா?”

“படிச்சியா இல்லியா?”

“படிச்சேன்.”

“அப்புறம் இன்னா? எழுத்துன்னா, போறவன நிறுத்தணும்.”

அந்த வருஷம்தான் என் அப்பா காணாமல் போனார். அவருக்கு ஞாபகமறதி. முடிவெட்டப் போனவர் ஏதோ பஸ்ஸில் ஏறிவிட்டார். போலீசில் சொல்லிவிட்டு மாஸ்டரிடம் ஓடினேன். என்னிடம் இருந்த ஒரே போட்டோ, கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு எடுத்தது.

“மாஸ்டர், இது ஒண்ணு மட்டும் சாதா எழுத்துல போடுங்க” என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

“சரிங்க சார்” என்றார். போஸ்டர் வந்தது. முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு ‘காணவில்லை’, சுத்தமான மல்லிகாவில். அதன் கீழே கறுப்புக் கண்ணாடியோடு அப்பா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடித்திருப்பேன், அழுகை முந்திக்கொண்டது. மாஸ்டர் கடையைச் சாத்தினார். பசை வாளியை வண்டியில் மாட்டிக்கொண்டு, போளூரிலிருந்து கண்ணமங்கலம் வரை அவரே ஒட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

“சார், கண்ணமங்கலத்துல டீக்கடை வெச்சிருக்கறேன். எதிர் செவுத்துல ‘காணவில்லை’ போஸ்டர் பாத்தேன். உங்க ஹீரோ நம்ம கடையிலதான் பன்னு துன்னுகினு கீறாரு! படம் எப்போ சார் ரிலீஸு?”

“அது படம் இல்லீங்க. எங்கப்பா. அவர வுட்டுடாதீங்க!”

டீ டம்ளரை டொக்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “அய்யோ... நீங்க பதறாம வாங்க சார். நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்” என்றார்.

போனேன். அப்பா இரண்டாவது பன்னில் இருந்தார். எதிர்ச் சுவரைக் காட்டி, “யார்ரா எழுதுனது? நல்லா எழுதியிருக்கான்” என்றார்.

அதே வழியில் போலீஸ் ஒட்டிய நோட்டீசும் இருந்தது. அதை டீக்கடைக்காரர் படிக்கவே இல்லையாம். மாஸ்டரிடம் சொல்லி அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். “மல்லிகாகிட்ட சொல்றேன் சார்” என்று கூச்சத்தோடு நெளிந்தார்.

இப்போது நாங்கள் இருப்பது வேறு ஊர். வாசல் பலகையில் அப்பா பெயர், மாஸ்டர் அனுப்பிய மல்லிகாவில். போகிறவர்கள் நின்று, “இங்க சினிமா கம்பெனி இருக்குதா?” என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்றுதான் சொல்கிறேன். ஹீரோ உள்ளே தூங்குகிறார். மாஸ்டர் புண்ணியத்தில்.