முடிய மறுத்த நியான் நகரம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்பித் தொடங்குகிறேன். போனில் சொன்னால் குளறுவேன், எழுதினால் மறப்பேன். ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. நீ உருவாக்கிய பலகை விளையாட்டு மிக நன்றாக இருக்கிறது.
2. அதில் ஒரு பெரிய பிழை: ஆட்டம் முடிவதே இல்லை. அச்சுக்கு அனுப்புவதை நிறுத்து.
3. இதைச் சொன்னதற்காக மாமாவின் மேல் கோபப்படாதே.

வேலையை விட்டுவிட்டு இதிலேயே உட்கார்ந்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போய்விட்டால் பிறகு திருத்த முடியாது, அதற்குள் ஒன்றும் தெரியாத நாலு பேர் விதிப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆடிப் பார்க்க வேண்டும் என்றாய். ஒன்றும் தெரியாதவர்கள் என்றதும் எங்கள் ஞாபகம் வந்ததற்கு நன்றி. எதிர்வீட்டுப் பல் மருத்துவரையும் மேல்மாடி மருந்துக்கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டோம். பலகையை விரித்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஓயாத மழை, ஊதாவும் பச்சையுமாக எரியும் விளம்பரங்கள், மேகத்துக்குள் தலையை நுழைத்த கம்பெனிக் கோபுரங்கள், அடியில் ஒரு சின்ன நூடுல்ஸ் கடை, கடைக்காரருக்கு ஒரு கை இரும்பு. "இவருக்குப் பல்லும் இரும்பாத்தான் இருக்கும். நம்ம பொழப்பு போச்சு" என்றார் பல் மருத்துவர்.

விதிகளும் எவ்வளவு எளிமை! ஒரு முறைக்கு இரண்டு காரியம்: சீட்டு எடுக்கலாம், கேபிள் இழுக்கலாம், அடுத்தவர் கோபுரத்துக்குள் புகுந்து தகவலைத் திருடலாம். திருட்டு நடந்தால் அபாய மணி ஒரு படி ஏறும். உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும். அதிகத் தகவல் சேர்த்தவருக்கு வெற்றி. வங்கி லாக்கர் அறையில் என் உத்தியோக காலம் முழுக்க இருந்திருக்கிறேன். எங்களுக்கு வந்த சுற்றறிக்கை ஒன்றுகூட இத்தனை தெளிவாக இருந்ததில்லை. நானே உரக்கப் படித்து மற்றவர்களுக்கு விளக்கினேன்.

முதல் முறை என்னுடையது. "டாக்டர், உங்க கோபுரத்துக்குள்ள வரலாமா?" என்று கேட்டேன். "தாராளமா வாங்க சார். மேல் மாடியில இருக்கிறதுதான் நல்ல தகவல், அத எடுத்துக்கோங்க" என்றார். அனுமதியோடு போனதால் மணியை ஏற்றவில்லை. அடுத்து மருந்துக்கடைக்காரர் உன் அத்தையிடம், "அக்கா, உள்ள வரட்டுமா?" என்றார். "வாங்க தம்பி. இதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்றாள். இப்படியே ஒருவர் கோபுரத்துக்குள் ஒருவர் போய், எடுத்ததை அவரே வந்து திருப்பி எடுத்து, மாலை இருட்டி விளக்கும் போட்டாயிற்று; மணி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "சார், இது எப்ப முடியும்? கடைய மூடிட்டு வந்திருக்கேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். பல் மருத்துவர் மட்டும், "எனக்குப் பிடிச்சிருக்கு. நாள் பூரா வாயத் திறங்க, பயப்படாதீங்கன்னு சொல்ற எனக்கு, சிரிச்சுக்கிட்டே வாங்கன்னு கூப்பிட ஆள் கிடைச்சிருக்கு" என்றார்.

உன் உழைப்பில் நான் போய்க் குறை சொல்வதா என்று தயங்கினேன். ஆனால் முடியாத ஆட்டம் ஆயிரக்கணக்கில் அச்சாகி வந்தால் உன் நிலைமை என்ன ஆவது? அதனால் சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. நீ எடுத்த காரியம் நல்லபடியாக நிறைவேற எங்கள் இருவரின் ஆசியும் உண்டு.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உன் அத்தையிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அனுமதி கேக்கணும்னு எங்க போட்டிருக்கு?" என்றாள். "அதப் போட வேற செய்யணுமா? வாடிக்கையாளர் சாவி ஒண்ணு, வங்கிச் சாவி ஒண்ணு, ரெண்டும் சேராம எந்தப் பெட்டி திறக்கும்?" என்றேன். "திருட வர்றவன் உங்ககிட்டக் கையெழுத்து வாங்கிட்டா போவான்?" என்றாள். புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு வரியே இல்லை. விளக்கும்போது நானாகச் சேர்த்திருக்கிறேன். உடனே மற்ற இருவரையும் கூப்பிட்டு, கேட்காமல் புகுந்து ஆடினோம். மணி ஏற ஏற நான் எழுந்தே நின்றுவிட்டேன். பல் மருத்துவர் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். மணி உச்சியைத் தொட்டு ஆட்டம் முடிவதற்குள் உன் அத்தை என் கோபுரத்தைத் துடைத்து எடுத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்ப எழுதினால் முதல் குறிப்பை இவ்வளவு நன்றாகச் சொல்ல வருமோ என்ற சந்தேகத்தில் கடிதத்தை அப்படியே கூரியரில் அனுப்புகிறேன். நீயும் அச்சுக்கு அனுப்பிவிடு அம்மா. என் இரண்டாவது குறிப்பு தவறு.