பாய்ப்படகில் ஒரு மௌன விரதம்

வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வாயை மூடியே ஒரு படகை மூழ்கடித்து, வெள்ளைக்காரத் துரை ஒருவரையும் அவருடைய மனைவியையும் மட்டக்களப்பு வாவியில் குளிக்கவைத்தவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான்.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய காலம். எனக்கு மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் உத்தியோகம். கூடப் படித்த நல்லையாவும் அங்கேதான் வேலை. அவன் மண்டூரில் பெரிய வயற்சொந்தக்காரரான போடியார் ஒருவரின் மகன். வயலும் வாவியும் பார்த்து வளர்ந்தவன். பாய்ப்படகு ஓட்டுவதில் சூரன். வாவிக்கரையில் இருந்த படகுக் கழகம் வெள்ளைக்காரருக்கும் அவர்களோடு கலந்த வழிவந்த பறங்கியருக்கும் உரியது. நம்மவர்களில் சுக்கான் பிடிக்க அங்கே அனுமதி பெற்றவன் நல்லையா மட்டும்தான். அதுவும் தைமாதப் பந்தயத்தில் அவன் எப்படி ஓட்டுகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் அங்கத்துவம்.

அவனுக்குத் துணையாகப் படகில் ஏறியவன் நான். எனக்குப் படகில் ஆசை இல்லை. அவன் தங்கை பூமணியில் ஆசை.

"பந்தயத்தில வெண்டமெண்டா அப்பாட்ட நானே கதைக்கிறன் மச்சான்," என்று சொல்லியிருந்தான்.

இதைவிட வேறென்ன வேண்டும்? பந்தயத்துக்கு முதல் நாளே மண்டூர் முருகனிடம் ஓடினேன். அந்தக் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். ஆகவே முருகனுக்கு மிகவும் பிடித்தது மௌனம் என்று என் படித்த மூளை கண்டுபிடித்தது. பந்தயம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று நேர்ந்துகொண்டேன். (நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று நானாக ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டேன். முருகன் கேட்கவில்லை.)

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பாய் சரிந்திருக்கும் பக்கத்தில் என்ன வருகிறது என்பது சுக்கான் பிடிப்பவனுக்குத் தெரியாது. குனிந்து பார்த்துச் சத்தம் போட்டுச் சொல்ல ஒருவன் வேண்டும். படகில் எனக்கிருந்த ஒரே வேலை அதுதான்.

காலையில் வாடைக்காற்று எலும்புவரை போனது. கரையில் போடியார் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொடக்க வெடி கேட்டதும் வாயை மூடினேன். நல்லையா அம்பு மாதிரி ஓட்டினான். கடைசித் திருப்பத்துக்குக் கிட்டப் போகும்போது எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு படகுதான். கழகத் தலைவரும் கச்சேரியில் எங்கள் மேலதிகாரியுமான துரையும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள்.

திருப்பத்தைச் சுற்றியதும் பாய்க்குக் கீழே குனிந்து பார்த்தேன். துரையின் படகு குறுக்காக வந்துகொண்டிருந்தது. வழிவிட வேண்டியவர்கள் நாங்கள்.

நல்லையாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னடா, குளிருதா?"

விரலை நீட்டிக் காட்டினேன். தலையைத் தலையை ஆட்டினேன். "ம்ம்ம்ம்!" என்று மூக்கால் முழங்கினேன். (மூக்கு நேர்த்தியில் சேராது என்று அந்த நெருக்கடியிலும் தீர்மானித்திருந்தேன்.)

"வயித்துக்குள்ள ஏதும் செய்யுதா? கொஞ்சம் பொறு மச்சான், வெண்டிட்டம்!"

டமார்!

துரை இந்தப் பக்கம், துரைசாணி அந்தப் பக்கம், பாய்மரம் எங்கள் தலைக்கு மேல். நால்வரும் தண்ணீரில். துரைசாணியின் தொப்பி மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் முதலாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டியது.

எங்களை ஒரு தோணிக்காரர் இழுத்துக் கரையேற்றினார். இறங்குதுறையில், உடம்பெல்லாம் நீர் சொட்ட, துரை நல்லையாவைக் கேட்டார்: "உன் ஆள் உனக்குச் சொல்லவில்லையா?"

நல்லையா என்னைப் பார்த்தான். நான் வாவியைப் பார்த்தேன். பந்தயம் இன்னும் முடியவில்லை. வயதான பறங்கி டொக்டர் ஒருவர், வாயில் சுருட்டோடு, உலகத்தில் தனக்கொரு அவசரமும் இல்லை என்பதுபோலக் கடைசிப் படகில் வந்துகொண்டிருந்தார்.

"பிழை என்னிலதான் சேர்," என்றான் நல்லையா.

"இனி உனக்குச் சுக்கான் இல்லை," என்று சொல்லிவிட்டுத் துரை உடுப்பு மாற்றப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் டொக்டர் எல்லையைத் தொட்டார். முடிவு வெடி கேட்டது. அவ்வளவு நேரமும் தொண்டைக்குள் கிடந்தது வெளியே பாய்ந்தது:

"படகு! முன்னால படகு! திருப்புடா நல்லையா!"

துறையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி வாவியைப் பார்த்தார்கள். அங்கே ஒரு நீர்க்காகம் மட்டும் இருந்தது.

நேர்த்தியையும் அது யாருக்காக என்பதையும் சொன்னேன். நல்லையா தலையில் கைவைத்தான். "பேயா! ஏறக்குள்ளயே சொல்லியிருந்தா உன்னைக் கரையில விட்டுப்போட்டுப் பாரத்துக்கு ஒரு பானையைக் கொண்டுபோயிருப்பனே!"

பக்கத்தில் நின்ற போடியாரோ விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் ஈரத் தோளில் கைவைத்தார். "தண்ணிக்குள்ள விழுந்தும் சாமிக்குக் குடுத்த சொல்லைக் காப்பாத்தின பொடியன். எங்கட வீட்டில எல்லாரும் கதைக்கிற ஆக்கள் மனே. கேக்கிறதுக்கும் ஒராள் வேணும்."

பூமணி எனக்குக் கிடைத்தாள். எங்கள் வழக்கப்படி அவள் வீட்டுக்கே குடிபோனேன். அங்கே காலையில் எழுந்தால், சுக்கானை இழந்த நல்லையாவின் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருந்தது. துரையிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கச்சேரியில் அவர் மேசையைத் தாண்டித்தான் நாள்தோறும் போய்வந்தேன். உத்தியோகத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அப்போது எனக்கு எந்த நேர்த்தியும் இருக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நல்லையா ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

அன்றைக்குப் பிடித்த வியாதி இன்னும் விடவில்லை. வண்டியோ, பஸ்ஸோ, பேரனின் காரோ, ஏறினால் எதிரே வருவதையெல்லாம் கத்திச் சொல்வேன். "மாடு! சைக்கிள்! மதகு!" பேரப்பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். போன கிழமையும் வவுணதீவுப் பக்கம் போகும்போது பொறுக்கமுடியாமல், "அப்பப்பா, கொஞ்சம் சும்மா இருங்களன்!" என்றான் பேரன்.

பின் ஆசனத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த நல்லையா கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"அவன் கத்தட்டும் மனே. அவன் சும்மா இருந்தாத்தான் நாம குதிக்கவேணும்."