கண்ணுக்கு ரெண்டு கோட் பிரைமர்

இரும்புக்குத் துருப் பிடிக்காமல் காக்கத் தேனி முழுக்க ஆட்கள் உண்டு. மனிதனுக்குத் துருப் பிடிக்காமல் காக்கப் பிறந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அல்லிநகரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவரை நாங்கள் 'பிரைமர்' என்போம்.

ஒருநாள் செல்போனில் ஏதோ மருத்துவ வீடியோ பார்த்தார். கருந்திராட்சைத் தோலிலும் கீரையிலும் ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது, புற ஊதாக் கதிர் தாக்காமல் கண் செல்களைக் காக்க அது உதவலாம் என்றார்கள். 'லாம்' என்பதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆக்சிடேஷன் என்றால் துரு. துருவுக்கு மருந்து, பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமர். கேட்டுக்கு ரெட் ஆக்சைடு, கண்ணுக்குப் பன்னீர் திராட்சை. முடிந்தது ஆராய்ச்சி.

அன்றிலிருந்து கம்பத்துத் திராட்சை கூடை கூடையாகப் பட்டறையில் இறங்கியது. கேட்டுக்கு விலை கேட்க வந்தவர்களும் முதலில் ஒரு கொத்துத் தின்றாக வேண்டும். தோலைத் துப்பிய ஒரு வாத்தியாரை, "பெயிண்டத் துப்பிட்டு டப்பாவ முழுங்குறீகளே, ஐயா" என்று சொல்லி, ஜன்னல் வேலை செய்யாமலே அனுப்பிவிட்டார்.

என் வீட்டு கேட்டைப் பற்றவைத்த அன்று வேடிக்கை பார்க்கப் போனேன். வெல்டிங் வெளிச்சத்துக்கு முன்னால் பிடிக்கிற கருப்புக் கண்ணாடி பட்டறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்குண்ணே?"

"நான் காலையிலயே ரெண்டு கோட் அடிச்சிட்டேன் சார். நீங்கதான் வெறும் இரும்பா நிக்கிறீக."

முதுகலை வரை படித்த நான் என்ன செய்தேன்? வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் கண் இரண்டும் வீங்கிவிட்டன. உள்ளே மண் லாரி கவிழ்ந்த மாதிரி இருக்கிறது என்றார். அவர் மனைவி அவரைக் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போனேன். கண் போனால் பட்டறை போச்சு என்பது மூவருக்கும் தெரியும்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, கண்ணின் மேல்படலம்தான் பொசுங்கியிருக்கிறது, இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும் என்றபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

"ரெண்டு கிலோ தின்னேனே டாக்டர்" என்றார் பிரைமர், மூடிய கண்ணோடு.

"தின்னது நல்லதுதான். ஆனா நீங்க என்ன தின்னீகன்னு விசாரிச்சிட்டா வெளிச்சம் உள்ள வரும்? கேட்டச் சாத்துனாத்தான நிக்கும். கேட் செய்யிறவருக்கு நான் சொல்லணுமா?"

பிரைமர் சற்று யோசித்தார். "அப்ப மூணாவது கோட்டும் அடிச்சிருக்கணும்."

"துரு கண்ணுல இல்ல டாக்டர், மூளையில" என்றார் மனைவி, அன்று முதல்முறையாக வாய் திறந்து.

இப்போது பட்டறை ஆணியில் இரண்டு கண்ணாடிகள் தொங்குகின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர் ஒன்றை எடுத்துப் பிடித்த பிறகே அவர் மற்றதை எடுக்கிறார். திராட்சையும் நிற்கவில்லை.

என் கேட்டில் மட்டும் ஓரிடத்தில் பற்றவைப்பு மண்புழு மாதிரி நெளிந்து ஓடுகிறது. கண்ணாடியை எனக்குக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் கூசியதால் அவர் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டிய இடம். கண் ஆறியதும் அதை ராவிச் சரிசெய்யக் கிரைண்டரோடு வந்தார். வேண்டாம் என்றேன்.

"கோணலாவுல்ல கெடக்கு, சார்."

என் கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிகிறது.