பாறை இடுக்குக்குப் போகவிருக்கும் மஞ்சள் பெட்டியைத் திருப்பி அழைக்கக் கோரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நிற்க. நீ வேலை பார்க்கும் தலைமை அலுவலகம் எங்கள் விரிகுடாவுக்கு ஒரு நீர்மூழ்கி ரோபோவை அனுப்பியிருக்கிறதே, அதை எப்பாடுபட்டாவது உடனே திருப்பி அழைத்துக்கொள்.

இருபத்திரண்டு வருடமாக இங்கே கடலுக்குள் முங்கிச் சிப்பிகளை எண்ணி எழுதிக் கொடுப்பவன் நான். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு சிப்பி எடுக்கலாம் என்று அனுமதி வரும். இப்போது என் எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க இந்த மஞ்சள் பெட்டி. தகப்பன் எண்ணியதை மகள் அனுப்பிய பெட்டி சரிபார்ப்பதா என்று ஊரே கேட்கிறது, அதைக்கூட விடு. முதல் நாள் இறக்கியதுமே நங்கூரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றது. முங்கி அவிழ்த்தது யார்? நான்தான். இரண்டாம் நாள் ஒரு கணவாய் அதன் கண்ணில் மையைக் கக்கிவிட்டது. துடைத்தது யார்? அதுவும் நான்தான். துடைத்த நன்றிக்கு என் வழுக்கைத் தலையையும் சேர்த்து எண்ணிவிட்டது. மேலே வந்தால், பெட்டியோடு படகில் வந்திருக்கும் அதிகாரி அம்மா, "ஐயா, இவ்ளோ பெரிய சிப்பியை நீங்க எழுதாம விட்டுட்டீங்களே?"ன்னு கேட்கிறாங்க.

ஆனாலும் மணல் பரப்பில் அதன் எண்ணிக்கையும் என்னுடையதும் ஒத்துப்போய்விட்டன. என் பயம் வேறு. வடக்குப் பாறை இடுக்கில் தாய்ச்சிப்பிகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. விரிகுடாவில் கிடக்கும் குஞ்சுகளெல்லாம் அவற்றின் வாரிசுகள்தான். எழுதினால் எடுத்துவிடுவார்கள் என்று பதினொரு வருடமாக எழுதாமலே விட்டேன். நாளை காலை பெட்டி அங்கே போகிறது. பொய்யாக எழுதியவன் என்று என் வேலை போனால் போகட்டும், வயசாச்சு. அந்தத் தாய்களும் போயிட்டா அஞ்சு வருஷத்துல இங்க வெறும் மணல்தான் மிஞ்சும். பேட்டரி சரியில்லை, மோட்டாருக்கு ஆகாது, ஏதாவது சொல்லி வரவழைச்சுடும்மா.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத உன் அப்பா

பி.கு.: கடிதத்தைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவதற்குள் படகு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பெட்டி இடுக்குக்குள் நுழைந்தது. படகிலிருந்த திரை முழுக்கத் தாய்ச்சிப்பிகள். எல்லாவற்றையும் அதிகாரி அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் நான் வருடாவருடம் நிரப்பும் படிவத்தை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில், 'தாய்ச்சிப்பி உள்ள இடம்: எடுக்கத் தடை' என்று ஒரு கட்டம் அச்சடித்தே இருக்கிறது. "இதுல எழுதியிருந்தா ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்களே ஐயா!" என்று சொல்லி, அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். என் வேலைக்கும் பழுதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தாளை நான் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. "கடலுக்கு அடியில பார்க்கிற மனுஷனுக்குக் காகிதத்துக்குப் பின்னாடி பார்க்கத் தெரியலையா!" என்று உன் அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பெட்டி இங்கேயே இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே.